வழி மறிக்க ஓர் ஆள்

மலர் வளையத்தைத் தின்றது எந்தப் பசு என்பது எனக்கு இன்று சரியாக நினைவில்லை. வாத்தியாரம்மா என்ற பசுதான் என்று ஒரு கட்சி. அது யோக்கியமானது, பின்னால் வந்த கருப்பிதான் என்று இன்னொரு கட்சி. அன்று வெயிலா மூட்டமா என்பதில்கூடச் சந்தேகம் இருக்கிறது. கண்டக்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. முற்றத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். போட்ட நாற்காலியையே எடுத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

“மச்சான், இதென்ன பஸ்ஸா? சீட்டு சீட்டா எண்ணிக்கிட்டு இருக்க?” என்றார் அத்தான். அவர் கண்டக்டரின் சின்னக்காவைக் கட்டியவர். சாவு வீட்டிலும் வாயைக் கட்டத் தெரியாதவர்.

கண்டக்டர் இன்னொரு நாற்காலியை எடுத்தார். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பெயர் இன்னும் பெறவில்லை. நாற்காலி வரிசைக்கு முன்னால், பந்தலுக்குக் கீழே, பெட்டிக்குள் அவருடைய பெரியக்கா படுத்திருந்தாள்.

பெரியக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், “மாட்டைக் கட்டவே நேரம் பத்தல, இதுல மனுசனை எங்க கட்டுறது?” என்பாள். பூட்டன் முள் வெட்டித் திருத்திய மேய்ச்சல் நிலம், தாத்தா எழுப்பிய கொட்டகை, அப்பா தோண்டிய கிணறு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் தலையில் வந்து இறங்கின. கனக்கிறது என்று அவள் சொன்னதில்லை. முந்தின நாள் காலைக் கறவை முடிந்ததும் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினாள். மற்றதைக் கழற்றவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கண்டக்டர் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். போதும்மா, வீட்டுக்கு வந்துடு. அது அவர் மகளுக்கான வாக்கியம். பரீட்சை லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்தவள் அவள். அந்த லீவு முடியவே இல்லை. மனைவியும் போன பிறகு, டவுனில் ஒரு கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் அவர் தானே சமைத்து, தானே சாப்பிட்டு, தானே நன்றாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை அக்காவிடம், “படிக்கிற பொண்ண மாடு மேய்க்க வச்சுக்கிட்ட” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு போனில் இருவரும் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். சில வருடங்களில் மழையும் இல்லை.

மகள் கிணற்றடியில் பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கறுப்பு உடை, காலில் ரப்பர் பூட்ஸ்.

“சாப்டியாம்மா?”

“ஆச்சுப்பா.”

அவர் ஒரு கேனை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அடக்கம் முடிஞ்சதும் கிளம்பிடலாம். கடைசி பஸ்ஸு இருக்கு.”

“மாட்டை?”

“அத்தானுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்டிருக்காராம். நிலம், மாடு எல்லாம் சேர்த்தே. நல்ல மனுசனாம்.”

“நல்ல மனுசன்தான். இங்க கிடங்கு கட்டப் போறாரு. கிடங்குக்குள்ள மாடு எதுக்குப்பா?”

அவர் கையிலிருந்த கேனை அவள் வாங்கி, கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள். வாய் வரை வந்த வாக்கியம் இனி உள்ளே போகாது என்று அவருக்குத் தெரிந்தது.

“போதும்மா. வீட்டுக்கு வந்துடு.”

அவள் அவரைப் பார்த்தாள். கோபமில்லை. கழுவிய கேன்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஏதோ சொல்லத்தான் போனாள். அதற்குள் மேய்ச்சல் நிலத்தின் பக்கமிருந்து ஒரு பசு கத்தியது. பிறகு எல்லாம் கத்தின.

சின்னக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள். “சவ வண்டி பாதி வழியில பஞ்சராம்! டயர் மாத்திட்டு வர நேரமாகுமாம்!”

மகள் கையைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப மாட்டை ஓட்டிட்டு வந்துடலாம் சின்னத்தை. கறவை நேரம் வந்துடுச்சு.”

“அடிப் பாவி, இன்னைக்கு ஒரு நாள் மாடு காத்திருக்காதா?”

“அத்தை காத்திருப்பாங்க. இதுங்க காத்திருக்காது. மடி கனத்துப் போயி நிக்குதுங்க.”

பெட்டிக்குள் இருந்தவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

மேய்ச்சல் நிலத்திலிருந்து கொட்டகைக்கு இருபுறமும் வேலி போட்ட ஒரு தடம் வருகிறது. வேலியில் அங்கங்கே திறப்புகள். சாலைக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று, பக்கத்து நாற்றுத் தோட்டத்துக்கு ஒன்று. மாடு வரும் நேரத்தில் திறப்புக்கு ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் நடக்கத் தெரிந்த எல்லோரும் நின்றிருக்கிறார்கள். சாலைப் பக்கம் பாட்டன் மூலை, கிணற்றுப் பக்கம் பெரியம்மா சந்து, தோட்டத்துப் பக்கம் மாமன் வழி. நின்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெயர்கள் அங்கேயே நிற்கின்றன. ஆட்கள் குறைந்த பிறகு அக்கா அந்த இடங்களில் குறுக்கே கயிறு கட்டிச் சமாளித்தாள். அந்தக் கயிறுகளைத்தான் காலையில் அத்தான் அவிழ்த்துப் பந்தலுக்குக் கட்டியிருந்தார். அக்கா போனதிலிருந்து கொட்டகையிலேயே கட்டிக் கிடந்த மாடுகள் அன்று காலைதான் மேயப் போயிருந்தன.

“எனக்கென்னம்மா தெரியும்? சும்மா கிடக்குற கயிறுன்னு நெனச்சேன்,” என்றார் அத்தான்.

“பரவால்ல மாமா, நீங்களே கயிறா நில்லுங்க. பாட்டன் மூலை.”

சின்னக்காவைப் பெரியம்மா சந்துக்கு அனுப்பினாள். துக்கம் கேட்க வந்திருந்த நாற்றுத் தோட்டக்காரர், யாரும் சொல்லாமலே தன் தோட்டத்துத் திறப்புக்கு விரைந்தார். போன வருடம் அவருடைய முட்டைக்கோஸ் போன விதம் அவருக்கு மறக்கவில்லை.

“நான் எங்கம்மா நிக்கட்டும்?” என்றார் கண்டக்டர்.

மகள் ஒரு கணம் யோசித்தாள். “நீங்க அத்தைகிட்ட உக்காந்திருங்கப்பா.”

சாலைப் பக்கமிருந்து அத்தானின் குரல் வந்தது. “கெட்டிக்காரப் பொண்ணு! திறப்பு விழாவுக்கு இன்னைக்கு லீவு!”

சின்ன வயதில் கண்டக்டர் எங்கே நின்றாலும் மாடுகள் அவரைத் தாண்டிப் போய்விடும். வரும் மாட்டைப் பார்த்ததும் கையை விரிப்பதற்குப் பதில் வழிவிட்டு ஒதுங்கிவிடுவார். ‘திறப்பு விழா’ என்று அக்கா வைத்த பெயர், கண்டக்டர் என்ற பெயர் வரும் வரைக்கும் ஓடியது. அவர் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பேச ஒன்றும் கிடைக்கவில்லை. மழையைப் பற்றிக்கூடக் கிடைக்கவில்லை.

மாடுகள் வந்தன. முன்னால் வாத்தியாரம்மா. நாலடிக்கு ஒரு தரம் திரும்பி, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்க்கும் பசு அது. பாட்டன் மூலையில் அது நின்று, அத்தானை மேலும் கீழும் உற்றுப் பார்த்தது.

“என்னம்மா பாக்குற? கோட்டு இரவல்தான். அதுக்கென்ன இப்ப?”

அது நகர்ந்தது. சின்னக்காவையும் நின்று பார்த்தது. நாற்றுத் தோட்டக்காரரையும் பார்த்தது. அவர் முட்டைக்கோஸ் நினைவில் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். கொட்டகை இன்னும் சற்றுத் தூரம்தான்.

கொட்டகைச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. உட்கார்ந்திருந்த கண்டக்டரின் கண்ணுக்கு அது நேராகத் தெரிந்தது. தெரிந்தபோது வாத்தியாரம்மாவின் கொம்பு அதற்குள் நுழைந்துவிட்டிருந்தது.

வாத்தியாரம்மா முற்றத்துக்குள் வந்தது. பின்னாலேயே முழு மந்தையும் வந்தது. நாற்காலிகள் சரிந்தன. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள்ளும் மீதிப் பேர் நாற்காலி மேலும் ஏறினார்கள். ஒரு கன்று பந்தல் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. எந்தப் பசு என்று சொல்ல முடியாத அந்தப் பசு, பால் சங்கத்தார் வைத்த மலர் வளையத்தை நிதானமாக மெல்ல ஆரம்பித்தது.

“ஐயோ, சங்கத்து வளையம்!” என்று அலறியபடி அத்தான் ஓடி வந்தார். “ஆழ்ந்த-வை முழுங்கிடுச்சு மச்சான்! அனுதாபங்கள் மட்டுந்தான் மிச்சம்!”

“தொட்டிகிட்ட யாரு நிக்கிறது?” என்று மகள் மந்தைக்குப் பின்னாலிருந்து கத்தினாள். “யாருங்க அங்க…”

அவள் குரல் அப்படியே நின்றது.

அங்கே யாரும் நிற்கவில்லை. அங்கே கயிறும் கட்டியதில்லை. யாரை எங்கே நிறுத்துவது என்று யோசித்தபோது அந்த இடம் ஒரு திறப்பு என்றே யாருக்கும் தோன்றவில்லை. தினமும் இரண்டு வேளையும் அங்கே அக்கா நின்றிருந்தாள்.

மகள் தடத்தின் நடுவில் கையைத் தொங்கவிட்டு நின்றாள். நேற்றிலிருந்து அழாதவள். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

அவர் மாட்டைப் பார்த்து ஒதுங்கவில்லை. ஒதுங்க வேண்டும் என்பது நினைவுக்கு வருவதற்குள், நெரிசலைப் பார்த்த தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

“வெளிய வா, வெளிய வா! வழியில நிக்காத! நகரு, நகரு! கருப்பி, உன்னத்தான், முன்னாடி எவ்வளவு இடம் கிடக்கு! படியில நிக்காத, உள்ள போ!”

ஒரு ஆயுள் முழுக்க நெரிசலை நகர்த்திய குரல் அது. வாத்தியாரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தது. அந்தக் குரலில் என்ன கேட்டதோ, திரும்பி வந்த வழியே தடத்துக்குப் போனது. மற்றவை வரிசையாகப் பின்னால் போயின. கடைசிக் கன்றும் போனதும் கண்டக்டர் இடைவெளியில் போய் நின்றார். காலடியில் மண் இரண்டு பாதமளவு அழுந்தி, கெட்டியாகக் கிடந்தது. அவர் அதில் காலை வைத்தார். கொஞ்சம் சின்னதாக இருந்தது. கையை விரித்தார்.

“சில்லறை கேட்டுடாத மச்சான்!” என்றார் அத்தான்.

நேற்றிலிருந்து அழுதுகொண்டிருந்த சின்னக்கா சிரித்தாள். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தினாள். பொத்திய விரல்களுக்கு இடையில் இன்னும் சத்தமாக வந்தது. நாற்காலி மேல் நின்றவர்களும் சிரித்தார்கள். பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பசுவின் எச்சிலை யாரோ துடைத்தார்கள்.

சவ வண்டி வந்தபோது கறவை பாதிதான் ஆகியிருந்தது. வண்டிக்காரர் கொட்டகை வாசலில் எட்டிப் பார்த்தார். “இன்னும் எவ்வளவு நேரமாகும்?”

“நீங்க லேட்டா வந்தீங்கல்ல, இப்ப கொஞ்சம் உக்காருங்க,” என்றாள் மகள், தலை நிமிராமல்.

அவர் போனார். கண்டக்டர் போகவில்லை. நிறைந்த கேனைத் தூக்கி ஓரமாக வைத்தார். இந்தத் தடவை எங்கே வைப்பது என்று தெரிந்தது. மகள் ஒரு மாட்டை முடித்து அடுத்த மாட்டுக்குப் போனாள். மாடுகள் தீவனம் மென்றுகொண்டிருந்தன.

“காலையிலயும் ஓட்டணும்ப்பா,” என்றாள்.

“ம்.”

“மத்த இடத்துக்கெல்லாம் கயித்த அவுத்துக் கட்டிடலாம். தொட்டிகிட்டதான் ஆள் வேணும்.”

“காலையிலன்னா எப்போ?”

“விடியறதுக்கு முன்னாடி.”

“அவ்வளவு சீக்கிரமா?”

“நீங்க முதல் பஸ்ஸு எப்பப்பா எடுப்பீங்க?”

அவர் அடுத்த கேனை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

அக்காவை அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் செய்தார்கள். கடைசி பஸ் யாருக்காகவும் நிற்காமல் போனது.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். கிடங்குக்காரர் வேறு ஊரில் இடம் பார்த்துக் கிடங்கு கட்டினார், நன்றாகத்தான் ஓடுகிறது. அத்தானும் சின்னக்காவும் மாதம் ஒருமுறை வந்து, ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டு, பால் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாற்றுத் தோட்டக்காரர் தன் பக்கத்துத் திறப்பைச் சுவர் வைத்து மூடிவிட்டார். அதற்கு மாமன் வழி என்ற பெயர் இன்னும் போகவில்லை. வாத்தியாரம்மாவுக்கு வயதாகிவிட்டது, இப்போது அதன் மகள் முன்னால் நடக்கிறது. கண்டக்டரின் மகள் அங்கேயே இருக்கிறாள். கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறாள். கண்டக்டர் கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளைக் காலி செய்துவிட்டார். இரண்டு வேளையும் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறார். பசுக்கள் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.