இரண்டாயிரம் பறவைகளும் ஓர் அப்பாடாவும்

பறவையின் பெயரைத் தேர்ந்தெடு, நகலெடு, பட்டியலில் கொண்டுபோய் ஒட்டு, திரும்பி வா. காலையிலிருந்து இதே பிழைப்பாக உட்கார்ந்திருந்த, பதிப்பகத்தில் பிழைதிருத்தும் மெய்ப்புக்காரி மதியம் இரண்டு மணிக்கு நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தாள். புத்தகமோ தொள்ளாயிரம் பக்கம். சதுர அடைப்புக்குள் இருக்கும் பறவைப் பெயர்கள் அத்தனையும் பட்டியலாக வந்தால்தான் விடுப்பு என்று பதிப்பாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். விடியற்காலையில் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஐந்து மணி ரயிலை விட்டால் அடுத்தது மூன்று நாள் கழித்துத்தான்.

அழாத குறையாகக் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறவன் அவன்.

"அண்ணி, ஒண்ணொண்ணா பொறுக்குறீங்களா? அரிசியில கல்லு பாக்குற மாதிரியா? தேடுற கட்டத்துல நான் சொல்றத அப்படியே அடிங்க. பேக்ஸ்லாஷ், திறக்கிற அடைப்பு, புள்ளி, நட்சத்திரம், பேக்ஸ்லாஷ், மூடுற அடைப்பு. அடைப்புக்குள்ள என்ன இருந்தாலும் அதுவே பிடிச்சிடும்."

அடித்தாள். பத்திக்குப் பத்தி, முதல் பறவையில் தொடங்கிக் கடைசிப் பறவைவரை, நடுவில் கிடந்த வாக்கியங்களையும் வாரி விழுங்கிக்கொண்டு திரை மஞ்சளானது.

"ஐயோ, இது கொலைப்பசியில இருக்கு!"

"நட்சத்திரத்துக்கு அடுத்தாப்ல ஒரு கேள்விக்குறி போடுங்க. அதுதான் கடிவாளம்."

போட்டாள். மஞ்சள் சட்டென்று சுருங்கி, பறவைகளின்மேல் மட்டும் நின்றது. 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்ற பட்டனைத் தட்டி நகலெடுத்தாள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு! தலைகால் புரியவில்லை அவளுக்கு. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரையோரத்தில் தங்கைக்குத் திறந்துவைத்த செய்திப் பெட்டி என்று நினைத்துப் படபடவென்று தட்டினாள்: அப்பாடா!

தட்டியது தங்கையின் பெட்டியில் அல்ல, புத்தகத்தில். தேர்ந்தெடுத்த பறவைகள் அத்தனையும் பறந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்துத்தானா பதிப்பாசிரியர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டும்? மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"'அந்தி சாயும் வேளையில் அப்பாடா! வயலில் இறங்கும்.' இது எந்த ஊர்ப் பறவைம்மா?"

அவள் இரண்டு கைகளாலும் திரையை மறைக்கப் பார்த்தாள். அவர் அடுத்த வரிக்குப் போனார்.

"'பெண் அப்பாடா! மூன்று முட்டைகள் இடும்.'"

அதோடு அவரால் முடியவில்லை. ஒருநாளும் பல் தெரியச் சிரிக்காத மனிதர், மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பயத்தை மறந்து அவளும் சிரித்தாள்.

"அண்ணி, எதையும் தொடாதீங்க!" என்று போனுக்குள்ளிருந்து கொழுந்தன் கத்தினான். "கண்ட்ரோலும் இசட்டும் மட்டும்!"

அழுத்தினாள். பறவைகள் அடைப்புக்குள் திரும்பின. புதுக் கோப்பைத் திறந்து ஒட்டினாள். வரிக்கு ஒன்றாகப் பட்டியல் இறங்கியது.

"கிளம்புங்கம்மா," என்றார் பதிப்பாசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மிச்ச சிரிப்ப நான் தனியா சிரிச்சுக்கறேன்."

ரயில் நகர்ந்த பிறகுதான் போனைப் பார்த்தாள். தங்கையிடமிருந்து ஏழு செய்திகள். கடைசியில், "அக்கா, வர்றியா இல்லியா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சொன்னாளே, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு தடவை! யார் பெட்டி என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு மெதுவாகத் தட்டினாள்.

"அப்பாடா! ஏறிட்டேன்டி."