நாலரை மணி பஸ்

"மத்தியானம் நீங்க நெசமாவே தூங்குறீங்களா, இல்ல சும்மா கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?" என்று எவெலியோ ஒருமுறை கசில்தாவிடம் கேட்டிருந்தார். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

எவெலியோ வலென்சியாவில் ஒரு பொத்தான் கம்பெனியின் விற்பனைக்காரர். மாதம் ஒருமுறை மாதிரிப் பெட்டியோடு எசிஹாவுக்கு வருவார். வெயில் கொளுத்தும் அந்த ஸ்பெயின் ஊரில் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்துவரை கடைகளைச் சாத்திவிட்டு எல்லோரும் தூங்குவார்கள். அவர் வந்து இறங்கும்போது மணி இரண்டே கால்; கசில்தா தன் நூல்கடையின் ஷட்டரை இறக்கிப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். ஐந்து மணிவரை சதுக்கத்து மதுக்கடையில் ஒரே காப்பியை ஆறவிட்டுக் காத்திருப்பார். பிறகு ஆர்டர் எழுதிக்கொண்டு, சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பார். பதினோரு வருஷமாக இதேதான். அந்தப் பேச்சுக்காகவே மாதத்தின் மற்ற நாட்களைக் கடத்துவதாக அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட.

இந்த ஆகஸ்டில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. ஏழு மணி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இனி நாலரைதான் கடைசி. இன்னொன்று கம்பெனிக் கடிதம். இனிமேல் ஆர்டரெல்லாம் தொலைபேசியில்தான், எவெலியோ கடைசியாக ஒருமுறை வந்து விடைபெறுவார் என்றது.

அவர் வரும் இன்று ஒருநாள் சாத்தாமல் இருந்தால் என்ன என்று காலையிலிருந்து யோசித்தாள். தெருவே கேள்வி கேட்கும். இரண்டடித்ததும் கை தானாகப் போய் ஷட்டரை இழுத்துவிட்டது.

குளத்தில் போட்ட கல்லைப் போல ஊர் தூக்கத்தில் அமிழ்ந்தது. ஷட்டரின் இடுக்குகள் வழியே வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்து பொத்தான் இழுப்பறைகள்மேல் படுத்துக்கொண்டது. கசில்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் சாய்ந்தாள். கண் செருகியபோது முத்துப் பொத்தான்கள் மீன்குஞ்சுகளாகி இழுப்பறையை விட்டு நீந்தி வந்தன. அப்போது வெயில் கோடுகள் நடுவில் அறுந்தன.

ஷட்டருக்கு வெளியே ஒரு நிழல். அது தட்டவில்லை, அசையவும் இல்லை.

அவள் எழுந்து ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாள். முதலில் பெட்டி வந்தது, பிறகு எவெலியோ தவழ்ந்து வந்தார்.

"தட்டியிருக்கலாமே?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"இந்நேரத்துல தட்டினா எழவு விழுந்துடுச்சுன்னு தெருவே எழுந்து ஓடி வராது? வேர்வையில நனைஞ்ச சட்டை காயட்டும்னு நின்னேன். எங்க காயுது."

மண்கூஜாவில் ஒரு சொட்டுச் சோம்புச் சாராயம் கலந்திருந்த தண்ணீரைக் கொடுத்தாள். அண்ணாந்து குடித்துவிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"கசில்தா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னுதான்..."

அந்த இருட்டும் குளிர்ச்சியும் பதினோரு வருஷமாக அவருக்குக் கிடைக்காதவை. சொல்லை முடிப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. தொப்பி மார்பில் ஏறி இறங்கியது.

மணி நாலு. எழுப்பினால் கேட்க வந்ததை அவசரமாகக் கேட்டுவிட்டு ஓடுவார். ஒருவேளை கேட்காமலே ஓடுவார். எழுப்பாவிட்டால் பஸ் போய்விடும். நாளைக் காலைவரை அவர் இந்த ஊரில்தான். ஆனால் கண் விழித்து, ஏன் எழுப்பவில்லை என்று முகம் சுளித்தால்? அவர் பெயர் மூன்றுமுறை அவள் நாக்குவரை வந்து திரும்பிப் போனது. நாலே கால். நாலு இருபது. அவள் முக்காலியில் உட்கார்ந்து, தரையில் நகரும் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் பஸ் நீளமாக ஒலி எழுப்பியது.

எவெலியோவின் ஒரு கண் திறந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அவர் விட்ட மூச்சு ரொம்ப ஒழுங்காக இருந்தது. தூங்குகிறவர்கள் அவ்வளவு கவனமாக மூச்சு விடுவதில்லை. கசில்தாவுக்குக் காதுவரை சூடேறியது. பஸ்ஸின் உறுமல் தேய்ந்து மறைந்தது.

ஐந்தடித்தும் அவள் ஷட்டரை இடுப்புக்கு மேலே தூக்கவில்லை. எதிர்வீட்டு ஆங்குஸ்தியாஸ் கறுப்பு நூல் வாங்கக் குனிந்து உள்ளே வந்தாள். ஒரு விஷயம் கிடைத்தால் ஊரைச் சுற்றி வந்து சொல்லாமல் தண்ணீர் குடிக்காதவள். நாற்காலியைப் பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வந்த வழியே குனிந்து வெளியேறினாள்.