பிரணவன் எழுதாத பதில்கள்

மர்வான் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று காலை, மகனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். சந்தனமாலையோடு சேர்த்துப் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் செருகினேன்.

என் மனைவி மகாதேவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெடியன் கேட்டால் என்னெண்டு சொல்லப்போறியள்?"

"கனடாவிலை எண்டு. அவனுக்கும் அப்பிடித்தான் எழுதிப்போட்டன். நீர் ஒண்டும் கதைக்கவேண்டாம்."

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "உயிரோடை இருக்கேக்கை கொழும்புக்கே விடேல்லை. இப்ப கனடாவுக்கு அனுப்புறியளோ?"

எங்கள் கொக்குவிலில் ஒரு பிள்ளை வீட்டில் இல்லையென்றால் கனடா என்றோ சுவிஸ் என்றோ சொல்லிவிடலாம். யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அதை நம்பித்தான் சொன்னேன்.

பிரணவன் பள்ளிக்கூட நாளிலிருந்தே கூடைப்பந்து விளையாடினான். பதினேழு வயதில் இலங்கை இளையோர் அணியோடு தோஹா போனான். எகிப்து அணியில் வந்த மர்வானும் அவனும் ஒரே விடுதி. விளையாட்டுச் சட்டையை அவனோடு மாற்றிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு இருவரும் போனில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளாத நாளில்லை. இருபது வயதில் கொழும்புக் கழகம் ஒன்று பிரணவனைக் கேட்டது. "பந்து எறிஞ்சு ஆர் உருப்பட்டது?" என்றேன். அவன் எதிர்த்துக் கதைக்கவில்லை. வங்கிப் பரீட்சை எழுதினான், வேலைக்குப் போனான். அடுத்த மார்கழியில் டெங்கு. ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது.

எட்டாம் நாள், சடங்குக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அலுமாரிக்குள் அவனுடைய போன் சத்தமிட்டது. திறக்கும் நான்கு இலக்கங்கள் மகாதேவி பிறந்த ஆண்டு. மர்வான் எழுதியிருந்தான்: "இன்று கெய்ரோவில் பெரிய கழகத்துக்குக் கையெழுத்திட்டேன். இனி இதுதான் என் தொழில். நீ ஏன் பேசாமல் இருக்கிறாய்?"

என் மகன் இறந்துவிட்டான் என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். ஒரு பிள்ளையின் நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். உண்மை அதுவல்ல. உலகத்தில் ஒருவனுக்காவது பிரணவன் இன்னும் உயிரோடு இருந்தான். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. 'வாழ்த்துகள், சகோதரா' என்று அனுப்பினேன்.

பிறகு நிறுத்த முடியவில்லை. நான் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் கடிதம் எழுதியவன். இளம் பிள்ளைகள் எழுதும் மாதிரியைப் பழகுவதற்கு மகனின் கடைசி இரண்டு மாதச் செய்திகளைப் பார்த்தேன். அதற்கு மேலே போகத் துணிவு வரவில்லை. மர்வான் படம் காட்டிப் பேச அழைத்தால் கமரா பழுது என்றேன். அவனுடைய பயிற்சியாளரின் குணமும், அவன் தகப்பன் மன்சூராவில் பேருந்து ஓட்டுவதும், முதலாவது ஆட்டத்தில் கால் நடுங்கியதும் எனக்குத் தெரிந்தன. மர்வான் வரப்போகிறான் என்று நான் சொல்லும்வரை, மகாதேவி நான் மகனின் படங்களைப் பார்ப்பதாக நினைத்தாள்.

இரண்டாவது ஆண்டில் அவனைப் பெஞ்சில் இருத்தி வைத்தார்கள். போர்ட் சைட்டில் ஒரு சின்னக் கழகம் அவனைக் கேட்டது. சம்பளம் பாதி, ஆனால் எல்லா ஆட்டத்திலும் விளையாடலாம். "நீ சொல். நீ சொன்னால் கேட்பேன்" என்று எழுதினான்.

'பெரிய இடத்தை விடாதே. பொறுமையாக இரு' என்று எழுதினேன். மகனுக்குச் சொன்ன அதே புத்தி. இந்த முறை அவன் பெயரிலேயே சொன்னேன்.

மர்வான் கேட்டான். அடுத்த ஒரு பருவம் முழுவதும் அவன் ஆடியது பதினொரு நிமிடம். அதன் முடிவில் கழகம் அவனை விட்டுவிட்டது. இருபத்துநான்கு வயதில், கொழும்பில் நடக்கும் போட்டி ஒன்றுக்காகச் சேர்த்த அணியோடு இலங்கை வந்தான். 'நான் கனடாவில் இருக்கிறேன்' என்று பிரணவனாக எழுதியும் அவன் கேட்கவில்லை. "உன் நாட்டுக்கு வந்து உன் தாய் தகப்பனைப் பார்க்காமல் போவதா?" என்றான்.

மத்தியான ரயிலில் வந்திறங்கினான். ஆட்டோக்காரச் சீவரத்தினம் படலையடியில் நின்று கத்தினான்: "ஐயா, ஆளை ரெண்டா மடிச்சுத்தான் ஏத்திக்கொண்டு வந்தனான்! விரிச்சு எடுங்கோ!"

அவன் சொன்னதில் பிழையில்லை. மர்வான் குனிந்துதான் வாசலைத் தாண்டினான். பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றையும், பன்னிரண்டாம் இலக்கமிட்ட சட்டை ஒன்றையும் மேசையில் வைத்தான். அந்தப் பதினொரு நிமிடமும் போட்டிருந்த சட்டையாம். பிரணவனுக்கு.

"போர்ட் சைட்காரர் திரும்பக் கேட்கிறார்கள், அங்கிள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். இப்போது எல்லோரும் சேர்ந்து பிரணவனுக்கு அழைப்போமா?"

"கனடாவில் இப்போது நித்திரையாக இருப்பான்" என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு சுவரைப் பார்த்தான். படத்தைக் கழற்றிய நான் அதன் கீழிருந்த சின்னச் சிவப்பு மின்குமிழை நிறுத்த மறந்திருந்தேன். மூன்று வருடமாக அது அணைந்ததே இல்லை. வெறும் ஆணிக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது.

"இந்த விளக்கு எதற்கு?"

"சாமிக்கு."

மகாதேவிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கனடா என்ற சொல் விளங்கும். என் முகமும் விளங்கும். தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள். அறைக்குள் போனாள். வேட்டியை அவிழ்த்துப் படத்தை எடுத்து வந்து, மாலையைச் சரிசெய்து, ஆணியில் மாட்டினாள்.

"என்ரை பிள்ளை இஞ்சைதான் இருக்கிறான். இனிமேல் ஒருக்காலும் இவனை ஒளிக்காதையுங்கோ" என்றாள்.

மர்வான் எழுந்து நின்றான். படத்துக்குக் கீழே இறந்த திகதி இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு தன்னுடைய போனை எடுத்து என் பக்கத்தில் வந்து இருந்தான். கடைசிச் செய்தியைக் காட்டினான்.

"இது?"

"நான்."

மேலே தள்ளினான். "இது?"

"நான்."

அவன் தாய்க்கு ஒப்பரேஷன் நடந்தபோது ஆறுதல் சொன்னது. பயிற்சியாளரைக் கேலி செய்தது. பெரிய இடத்தை விடாதே என்றது. ஒவ்வொன்றிலும் விரலை வைத்தான். ஒவ்வொன்றுக்கும் நான் என்றேன். தேத்தண்ணி ஆறிப்போனது. அவன் என்னைத் திட்டியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். கடைசியில் 'காய்ச்சல், நாளைக்கு எழுதுகிறேன்' என்ற இடத்துக்கு வந்தான்.

"இது அவன்" என்றேன்.

மர்வான் நிறுத்தவில்லை. நான் போகாத இடத்துக்கு மேலே போனான். கொழும்புக் கழகம் கேட்ட மாதத்துச் செய்தி ஒன்றைக் கண்டுபிடித்து என் கையில் தந்தான்.

'அப்பா விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அம்மா அழுவா என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் பிழை. உனக்கு இப்படி ஒரு நாள் வந்தால் யாரையும் கேளாதே. விளையாட விடுகிற இடத்துக்குப் போ.'

"இதைச் சொன்னவனே பிறகு பொறுமையாக இரு என்று எழுதினான்" என்றான் மர்வான். "வங்கி அவனை மாற்றிவிட்டது என்று நினைத்தேன். பெஞ்சில் இருந்த நாளெல்லாம் அவன்மேல் கோபமாக இருந்தேன். இறந்தவன்மேல்."

போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் படத்துக்கு முன்னால் போய் நின்றான். "போர்ட் சைட்டுக்குப் போகிறேன்" என்றான். படத்தைப் பார்த்துத்தான் சொன்னான். சட்டையை எடுத்து மகாதேவியின் இரண்டு கைகளிலும் வைத்தான். அவள் அவனை அண்ணாந்து பார்த்து, "சாப்பிட்டிட்டுப் போ தம்பி" என்றாள். மொழி விளங்காவிட்டாலும் அதை அவன் விளங்கிக்கொண்டான். இருந்து சாப்பிட்டான். மூன்றரை ரயிலுக்குப் போனான். எனக்குக் கை தரவில்லை.

அவன் போன பிறகு மகாதேவி என்னருகே வந்தாள்.

"கடைசியாய் ஒண்டு காட்டினானல்லோ. அது பிள்ளை எழுதினதோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"சுகமாயிருக்கிறனாம். அம்மான்ரை சமையல் ருசியாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "வேறை?" என்றாள்.

"வேறை ஒண்டுமில்லை."

அது போன ஐப்பசியில் நடந்தது. மகன் ஆங்கிலத்தில் எழுதியதை அன்று நான் அவளுக்குப் பொய்யாக மாற்றிச் சொன்னேன். அவன் எழுதியது எழுதியபடி மேலே தமிழில் இருக்கிறது. மகாதேவி தமிழ் நன்றாக வாசிப்பாள். இதையெல்லாம் எழுதிய இந்தத் தாள்களைப் படத்துக்குக் கீழே, அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன்.