வருமானத்துக்குச் சாட்சி

நர்சீசா வீட்டுக் கடனுக்காக ஏறி இறங்கிய வங்கிகளில் எல்லாம் முதலில் கேட்டது சம்பளச் சீட்டைத்தான். அவளுக்கு ஏது சம்பளச் சீட்டு? துரான் என்ற எங்கள் ஊரில், குவயாகில் நகரத்துக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் சாலையோரத்தில் என்செபொயாதோ விற்றுக்கொண்டிருந்தாள். சூரை மீனும் மரவள்ளிக் கிழங்கும் போட்டுக் கொதிக்கவைத்து, மேலே வெங்காயம் தூவி எலுமிச்சை பிழிந்து தரும் சூப். வேலைக்குப் போகிறவர்களும் முந்தின இரவு அதிகமாகக் குடித்தவர்களும் அதைச் சாப்பிடாமல் பாலம் ஏற மாட்டார்கள். அவள் கணவன் இத்தாலோ வீடு வீடாகப் போய் ஏ.சி. ரிப்பேர் செய்வான். இருவர் கையிலும் காசு புழங்கியது. காகிதத்தில்தான் ஒன்றும் இல்லை.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவளிடம்தான் சாப்பிடுவேன். கடை முடிந்ததும் அவள் அன்றைய வரும்படியை மூன்று பால்பவுடர் டப்பாக்களில் பிரித்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மறுநாள் மீனுக்கு, ஒன்று வாடகைக்கு, ஒன்று வீட்டுக்கு. இத்தாலோ டெங்குவில் படுத்தபோதுகூட மூன்றாவது டப்பாவை அவள் திறக்கவில்லை. என்னிடம் கடன் வாங்கி மருந்து வாங்கினாள்.

கடைசியில் ஒரு கூட்டுறவு வங்கி இரக்கப்பட்டது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் கடன் தருகிறோம், ஆனால் வருமானம் எங்கள் கண்ணில் பட வேண்டும் என்றார்கள். வரி எண் வாங்கு, ரசீது அடி, தினமும் கணக்கில் பணம் கட்டு, கடைக்கு ஒரு பெயர்ப் பலகை வை. எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் விரும்பிச் செய்ய மாட்டார்கள். தொழில் எப்படி என்று கேட்டால் ஏதோ ஓடுகிறது என்று முகத்தைச் சுளித்துச் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். நானே வேனுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்காமல் வைத்திருக்கிறேன். அவள் எல்லாவற்றையும் செய்தாள். சிவப்பு எழுத்தில் பலகை வந்தது, கூடாரத் துணி வந்தது, எட்டு மேசை வந்தது. மேசை வந்ததும் கூட்டமும் கூடியது.

ஒருநாள் கடன் அதிகாரி வந்து ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, காலை முழுவதும் கிண்ணங்களை எண்ணினார். அன்று கூட மாட உதவ நின்ற இத்தாலோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எண்ணிக்கிட்டே இருந்தா எப்படி சார்? நீங்களும் ஒரு கிண்ணம் சாப்பிடுங்க. அதையும் சேத்து எழுதிக்கலாம்."

அதிகாரி சாப்பிட்டார். கடனும் கிடைத்தது. நர்சீசாவின் தம்பி வெலிங்டன் ஒரு பள்ளியில் காவலாளி. சம்பளச் சீட்டு உள்ளவன். அவன் ஜாமீன் கையெழுத்துப் போட்டான்.

வீடு எங்கள் தெருவில், என் வீட்டுக்கு அடுத்தது. இரண்டு அறை, பின்பக்கம் துணி துவைக்க ஒரு சிமெண்டுத் தளம். குடிவந்த அன்று சுத்தியல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நர்சீசா நாற்காலி மேல் நின்றிருந்தாள்.

"யாரையும் கேக்காம ஆணி அடிக்கிறேன், பாத்தீங்களா செகுந்தோ அண்ணே?" என்றாள். நாற்பத்தொரு வயதில் அவளுக்கு அது முதல் ஆணி.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து இன்னொருவன் கடைக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. அவனும் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தான். இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, காசு கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். வங்கியில் இருந்துதான் மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நர்சீசா நினைத்துக்கொண்டாள். மறுநாள் போன் வந்தது.

"அக்கா, புது வீட்டுக்கு வாழ்த்துக்கள். தொழில் நல்லாப் போகுது, கண்ணால பாத்தோம். மாசம் இருநூறு டாலர் குடுத்துருங்க. யாரும் உங்களத் தொந்தரவு பண்ணாம நாங்க பாத்துக்கறோம்."

எங்கள் பக்கம் இதற்குத் தடுப்பூசி என்று பெயர். போட்டுக்கொண்டால் ஒன்றும் வராது. நர்சீசா என்னிடம் வந்து என்ன செய்யலாம் என்று கேட்டாள். கொடுத்துவிடு என்றேன். வேனுக்காக நானும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். போலீசில் புகார் கொடுத்த மருந்துக்கடைக்காரர் வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்கும் தெரியும். அவள் நாலாவதாக ஒரு டப்பா வைத்தாள்.

ஒரு வருடம் அப்படியே ஓட்டினாள். மீனைக் குறைத்துக் கிழங்கைக் கூட்டினாள். சூப்புக்குக் கால் டாலர் ஏற்றினாள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். இத்தாலோ ஞாயிற்றுக்கிழமையும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான். வங்கித் தவணை ஒரு மாதமும் தவறவில்லை, மற்றதும் தவறவில்லை. டிசம்பர் வந்ததும் அவர்கள் கிறிஸ்துமஸ் என்று சொல்லி இரண்டு மடங்கு கேட்டார்கள். ஜனவரியிலும் அதையே கேட்டார்கள்.

நர்சீசா போனிலேயே கெஞ்சியிருக்கிறாள். வீட்டுத் தவணையும் கட்டி இதையும் கட்ட முடியாது என்று கணக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தக் குரல் பொறுமையாகக் கேட்டது.

"அப்போ தவணைய நிறுத்துங்க அக்கா. பேங்க் நாலு லெட்டர் போடும், பொறுத்துக்கும். எங்களுக்கு லெட்டர் எழுத வராது."

அந்த மாதம் இரண்டில் ஒன்றைத்தான் கட்ட முடியும். இத்தாலோ அவர்களுக்கே கொடுத்துத் தொலைக்கலாம் என்றான். தவணை நின்றால் தம்பியின் சம்பளத்தில் பிடிப்பார்கள், அவனுக்கு மூன்று பிள்ளைகள் என்றாள் அவள். வங்கியில் கட்டிவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்து ஒரு காலை, கடை முன்னால் நான் வேனை நிறுத்திவிட்டு இறங்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் என்னைத் தாண்டிப் போனது. இரண்டு பேர். வேகத்தைக் குறைத்தார்களே தவிர நிற்கவில்லை. இத்தாலோ அப்போதுதான் அடுப்பிலிருந்து பெரிய பானையை இறக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் ஆளைக் குறிவைத்தார்களா, பயமுறுத்தத்தான் சுட்டார்களா, தெரியாது. குண்டு பானையில் பாய்ந்தது. கொதிக்கும் சூப் முழுவதும் இடுப்புக்குக் கீழே அவன் மேல் கொட்டியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தரையில் படுத்துவிட்டார்கள். நர்சீசா மட்டும் நின்றபடி, பாத்திரம் கழுவ வைத்திருந்த தண்ணீரை மொண்டு மொண்டு அவன் கால்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்தபடி, "அடுப்ப அணை, அடுப்ப அணை" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாவி கதவிலேயே இருக்கட்டும்.

என் வேனில் அடங்கிய சாமான்களை மட்டும் ஏற்றிக்கொண்டு மலைமேல் ரியோபாம்பாவுக்குக் கொண்டுபோய் விட்டேன். அங்கே அவளுடைய சித்தி மகள் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். இத்தாலோ பின்சீட்டில் கால்களை நீட்டிப் படுத்திருந்தான். குளிர் ஏற ஏறக் கட்டு இறுகுகிறது என்று முனகினான். வழியில் நர்சீசா, விலாசம் மாறியதை வங்கிக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள்.

சொன்னாள். வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், கடனைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டும் பார்த்தாள். அதே அதிகாரிதான். நல்ல மனிதர், அவர் கண் கலங்கியது என்று சொன்னாள். ஆனால் அந்தத் தெருவில் ஏலம் போட்டால் எவன் வந்து கேட்பான்? விலை போகாத வீட்டை எடுத்து வங்கி என்ன செய்யும்? இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள், அதற்கு வட்டி சேர்த்தார்கள். அதன்பின் வழக்கம்போலக் கட்ட வேண்டும், இன்னும் பதினோரு வருடம். கட்டாவிட்டால் வெலிங்டன்.

ரியோபாம்பாவில் காலையில் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும்தான் போகும். கடல் மீன் ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி வர வேண்டும். இங்கே விற்றதில் பாதிகூட அங்கே விற்கவில்லை. அந்தக் குளிரில் ஏ.சி. யாருக்கு வேண்டும்? இத்தாலோ அறைக்குள் உட்கார்ந்தபடி மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் சரிபார்த்துக் கொடுத்தான்.

துரானில் அந்த வீடு சில காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு காலி செய்யச் சொன்ன அந்த ஆட்களே ஒரு பெண்ணை இரண்டு பிள்ளைகளோடு அங்கே குடிவைத்தார்கள். அவள் யாருடைய மனைவி, யாருடைய தங்கை என்று தெருவில் எவரும் கேட்கவில்லை. நானும் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் அவளே என் கதவைத் தட்டினாள். ஒல்லியான பெண். கையில் காலி வாளி.

"அண்ணே, வீட்டுக்காரங்க நம்பர் இருக்கா? மோட்டார் தண்ணி இழுக்க மாட்டேங்குது."

உன்னைக் குடிவைத்தவர்களிடம் கேட்க வேண்டியதுதானே என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவங்ககிட்டப் போய் இதையெல்லாம் கேக்க முடியுமா அண்ணே?"

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நர்சீசாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்காமல் வேறு மாதிரி ஆனபோது இத்தாலோ போனை வாங்கிக்கொண்டான்.

"செவுத்துல ஈரம் ஏறியிருக்கானு கேளுங்க அண்ணே," என்றான்.

நான் போனையே அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். சமையலறைப் பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றாள். பின்பக்கம் போனோம். முதலில் மெயினை அணைக்கச் சொன்னான். மோட்டார் தலையில் இருக்கும் திருகைக் கழற்றி, குமிழி அடங்கும்வரை தண்ணீர் ஊற்றச் சொன்னான். வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிற பொறுமையோடு ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் சின்ன மகன் சொம்பைப் பிடித்துக்கொண்டான். நாலாவது முறை மோட்டார் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

"கடவுள் உங்களுக்குத் திருப்பித் தரணும்," என்றாள் அந்தப் பெண் போனில். நன்றி சொல்ல எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான்.

போன் என் கைக்கு வந்தபோது மறுமுனையில் நர்சீசா இருந்தாள். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வாசல் பெருக்கியிருக்கிறது, நீ தைத்த திரைச்சீலை அப்படியே தொங்குகிறது என்று சொன்னேன்.

"நேத்துதான் இந்த மாசத் தவணை கட்டினேன்," என்றாள். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.