பதினோராம் நம்பர் மரம்

1949ஆம் வருஷம் புரட்டாசி மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலைவிட்டு இறங்கியபோது ஆண்டியப்பன் ஒரு பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். பெட்டி, படுக்கை, பாத்திர மூட்டை எல்லாவற்றையும் அவன் மனைவி உண்ணாமலையும் ஒரு கூலியாளும் தூக்கி வந்தார்கள். டின்னை மட்டும் அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. அதற்குள் ஈரமான கரித்தூள் இருந்தது. கரித்தூளுக்குள் இருநூறு ரப்பர் விதைகள் இருந்தன.

மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தின் நாற்றங்காலில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன் அவன். நல்ல மரத்தின் ஆண்பூவை எடுத்து இன்னொரு நல்ல மரத்தின் பெண்பூவில் வைத்துக் கட்டுவது, அதில் விளைந்த விதையை முளைக்கப் போடுவது, கன்றுகளை மாதாமாதம் அளப்பது, பால் குறைந்தவற்றை வெட்டித் தள்ளுவது, இதுதான் வேலை. அவன் தேர்ந்தெடுத்த ஒரு மரம் மற்ற மரங்களைப்போல் நாலு பங்கு பால் கொடுத்தது. அதன் ஒட்டுக்கன்றுகள் தேசம் தேசமாகப் போயின. மரத்துக்குத் தோட்டத்தின் பெயரையும் ஒரு நம்பரையும் வைத்தார்கள். அந்தத் தோட்டத்துத் துரைக்கு மெடல் கிடைத்தது. ஆண்டியப்பனுக்கு ஒரு பழைய கோட்டு கிடைத்தது.

"ஊருல போயி நானே ஒரு மரத்தை எடுக்குறேன் பாரு. அதுக்கு என் பேருதான்" என்று கப்பலிலேயே உண்ணாமலையிடம் சொல்லிவிட்டான்.

திருவரங்குளத்துக்கு மேற்கே அவர்களுக்கு நாலு ஏக்கர் செம்மண் புன்செய்க் காடு இருந்தது. ஒரு கிணறு, வரப்போரம் ஏழு பனை, கிணற்றடியில் ஒரு வேம்பு, இரண்டு பலா. மழைக்காலத்துக்கு முன்னால் அவன் விதைகளை ஊன்றினான். "இந்த வெயில்ல பால்மரமா?" என்று ஊரார் சிரித்தார்கள். நூற்றிருபது முளைத்தன. முதல் கோடையில் கிட்டத்தட்டப் பாதி கருகின. உண்ணாமலை குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து ஊற்றி அறுபத்து நாலைக் காப்பாற்றினாள்.

இரண்டாம் வருஷம் ஆண்டியப்பன் ஒவ்வொரு கன்றிலும் ஊசிக்கத்தியால் குத்தி, எவ்வளவு பால் துளிர்க்கிறது என்று பார்த்தான். துளி சிறியதாக இருந்த கன்றுகளை வேரோடு பிடுங்கினான். தான் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை வாடிக் கிடப்பதைப் பார்க்க உண்ணாமலைக்கு மனசு வரவில்லை. ஆனால் பத்தே நாளில் மிச்சக் கன்றுகள் ஒரு முழம் உயர்ந்து நின்றன. இடம் கிடைத்தால் வளரத்தானே செய்யும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

1956இல் ஒன்பது மரங்கள் மிஞ்சின. கன்றாக இருந்தபோதே கொடுத்த நம்பர்தான் அவற்றுக்கு. ஒவ்வொன்றிலும் மூன்றடி உயரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வளையம் போட்டு, அந்த வளையத்தில் டேப்பைச் சுற்றி அளப்பான். அளவைச் சிவப்பு அட்டை நோட்டில் எழுதுவான். அந்த வருஷம் தை மாதத்தில் வடகோடியில் இருந்த நோஞ்சான் மரம் ஒன்றை வெட்டினான். எட்டு நாள் கழித்து அளக்கப் போனவன் வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டான்.

"உண்ணாமலை, கொஞ்சம் வா. நீ ஒருதரம் அளந்து சொல்லு."

அவள் போய் அளந்தாள். பதினோராம் நம்பர் மரம் இரண்டு அங்குலம் பருத்திருந்தது. ஒரு வருஷம் முழுக்க வளர்ந்தாலும் அவ்வளவுதான் பருக்கும். வெட்டிய மரம் அங்கிருந்து நாற்பது கஜம் தள்ளி நின்றது. அதன் வேர் இங்கிட்டு வந்திருக்க வழியில்லை. பதினோராம் நம்பரில் போட்டிருந்த பெயிண்ட் வளையம் நாலைந்து இடத்தில் விரிந்து பிளந்திருந்தது. பிளவுக்குள் பட்டை இளஞ்சிவப்பாகப் புதுசாய்த் தெரிந்தது. மற்ற ஏழு மரங்களில் ஒரு மாற்றமும் இல்லை.

"டேப்பு நீண்டுபோச்சோ என்னமோ" என்றாள்.

அவன் ஏழு மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்குள் ஏழையும் வெட்டிவிட்டான். ஒவ்வொன்று விழுந்த வாரமும் பதினோராம் நம்பர் பருத்தது. கடைசி மரம் சாய்ந்தபோது இந்த மரத்தை ஒருவரால் கட்டிப்பிடிக்க முடியவில்லை. பத்து வயதுகூட நிறையாத மரம் முப்பது வயது மரம்போல் நின்றது.

பால் வெட்டும் வேலை உண்ணாமலையுடையது. மலேயாவில் அவள் நாளுக்கு முந்நூறு மரத்தில் பால் வெட்டியவள். விடியற்காலையில் பட்டையைச் சாய்வாகச் சீவினால் வெயில் ஏறும்போது எந்த மரத்திலும் பால் நின்றுவிடும். இந்த மரத்தில் நிற்கவில்லை. உச்சிப் பொழுதிலும் ஒழுகியது. சிரட்டை நிறைந்து, குவளை வைத்து, குவளையும் நிறைந்தது. கொம்பில் காய்கள் வெயிலில் படார் படாரென்று வெடித்து விதைகள் தெறிக்கும். அவள் ஒன்றை எடுத்துக் கல்லில் தட்டி உடைத்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று உடைத்தாள். அதுவும் காலி. மடி நிறையப் பொறுக்கி வந்து உடைத்தும் ஒரு விதையில்கூடப் பருப்பு இல்லை.

"அடுத்ததுக்கு ஒண்ணும் விடாம எல்லாத்தையும் அதுவே வச்சுக்குது" என்றாள்.

"விதை எதுக்கு? கொம்பை வெட்டி ஒட்டுப் போட்டாப் போதும்" என்றான் ஆண்டியப்பன்.

மலையாளப் பக்கத்திலிருந்த ஒரு ரப்பர் ஆபீசுக்கு அவன் கடிதம் எழுதினான். ஓர் அதிகாரி காரில் வந்தார். மரத்தை மூன்றுமுறை சுற்றி வந்தார். பாலை நிறுத்துப் பார்த்தார். வறண்ட நாட்டில் இப்படி ஒரு மரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

"இன்னும் ஒரு வருஷம் வளர்ச்சி அளவை விடாம எழுதி வையுங்க. இதே வேகத்தில் இருந்தா நான் வந்து ஒட்டுக்கொம்பு எடுத்துக்கறேன். ரகத்துக்கு உங்க பேரையே சிபாரிசு பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன நாளிலிருந்து மரம் வளரவில்லை. மூன்று மாதம் டேப் ஒரே அளவைக் காட்டியது. ஆண்டியப்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் கோடாலியை எடுத்துப்போய்க் கிணற்றடி வேம்பை வெட்டினான். அந்த வாரம் முக்கால் அங்குலம். அடுத்து இரண்டு பலாவும் போயின. பிறகு பனைகள், மாதம் ஒன்றாக. நிழலே இல்லாத நாலு ஏக்கரின் நடுவில் அந்த ஒற்றை மரம் கருகருவென்று நின்றது. மார்கழியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். இது ஓர் இலைகூட உதிர்க்கவில்லை. பக்கத்துக் காட்டு மூக்காயி ஆடுகளை ஓட்டி வரும்போது அவை வரப்பிலேயே நின்றுவிடும். எவ்வளவு அடித்தாலும் இந்தக் காட்டுக்குள் கால் வைக்காது.

1960 பங்குனியில் அவர்களுடைய உழவுமாடு ஒன்று கழிச்சல் கண்டு செத்தது. ஆண்டியப்பன் அன்று மாட்டைப் புதைக்கக்கூட நிற்கவில்லை. டேப்போடு போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"ஒரு அங்குலம். நான் ஒண்ணையும் வெட்டல, உண்ணாமலை. மாடு செத்ததுக்கே ஒரு அங்குலம்."

அவன் குரலில் பயம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். இருந்தது சந்தோஷம்.

"நமக்கு அந்த மரம் வேணாங்க. வெட்டிருங்க. என் தாலி மேல ஆணையாச் சொல்றேன், வேணாம்."

"இன்னும் ரெண்டு மாசம்தான் புள்ள. ஆபீசர் வந்துட்டுப் போயிரட்டும்."

சித்திரையில் மகள் பிரகதாம்பாளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊருக்கு வந்தபிறகு பிறந்தவள், ஏழு வயது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் மருந்து வாங்கி வந்தார்கள். நாலு நாள் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. பிள்ளை பாயில் துணிபோல் ஒட்டிக் கிடந்தது. ஆண்டியப்பன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தபடி இருப்பான். ஆசையாகத்தான் பிடித்திருக்கிறான் என்று உண்ணாமலை நினைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை, ஆபீசரின் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்க அவன் தபாலாபீசுக்குப் போனான். உண்ணாமலை பிள்ளைக்குத் துணி மாற்றப் பாயோரத்தைத் தூக்கியபோது அடியில் டேப் கிடந்தது. கூடவே சிவப்பு அட்டை நோட்டும் இருந்தது. மலேயாத் தோட்டத்துக் கங்காணியிடம் அவள் கொஞ்சம் எழுத்துப் படித்திருந்தாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். ஒரு பக்கம் 'மரம்' என்று எழுதி, நாள்தோறும் அளவு ஏறிக்கொண்டே வந்திருந்தது. எதிர்ப்பக்கம் 'பிரகதா, மணிக்கட்டு' என்று எழுதியிருந்தது. அந்த அளவு இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வரப்புக்கு ஓடி மூக்காயியைக் கூப்பிட்டாள்.

"மூக்காயி, பிள்ளைகிட்ட கொஞ்சம் இரு. அவுக வந்தா உள்ள விடாத."

"என்னக்கா, மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு? எங்க போற?"

"காட்டுக்குப் போயிட்டு வாரேன்."

பால்வெட்டுக் கத்தியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு போனாள். உச்சிவெயில். தரையில் கால் வைக்க முடியவில்லை. மரத்தடிக்குப் போனதும் உடம்பு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி நிழலால் வந்ததுபோல் இல்லை. கிணற்றுக்குள் இறங்கினால் காலிலிருந்து ஏறும் குளிர்ச்சி அது. காற்றே இல்லை. ஆனால் மேலே இலைகள் எல்லாம் ஒரே பக்கமாக, வீடு இருந்த பக்கமாகத் திரும்பியிருந்தன.

மலேயாவில் வேண்டாத கிழட்டு மரங்களைச் சாகடிக்க ஒரு வழி உண்டு. தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டால் மேலே போவதும் கீழே வருவதும் அறுந்து மரம் நின்றபடியே பட்டுப்போகும். அவள் வெள்ளை வளையத்தில் அரிவாளைப் போட்டாள். பால் பீச்சியடித்து முகத்தில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் போட்டாள். பட்டை உரிய உரியப் பால் தண்டு முழுக்க வழிந்து மண்ணில் இறங்கி அவள் காலைச் சுற்றிக் குளம் கட்டியது. பாதத்தைத் தூக்க முடியாமல் ஒட்டிப் பிடித்தது. அவள் அழுதாள், வைதாள், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உரித்தாள். கடைசி விரற்கடைப் பட்டையை இழுத்தபோது மரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நீண்டநேரம் மூச்சைப் பிடித்திருந்த ஒருவர் விடுகிற மூச்சுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் இடுப்புக்குக் கீழே பால் உறைந்து தோல்போல் தொங்கியது. மூக்காயி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு இப்பத்தான் குப்புன்னு வேர்த்துச்சு. கஞ்சி கேக்குது."

ஆஸ்பத்திரி மருந்து ஐந்தாம் நாள் கேட்டிருக்கலாம். உண்ணாமலை அதைப் பற்றிப் பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். அன்றைக்கு யோசிக்கவில்லை. கஞ்சியை ஆற்றி ஊட்டினாள்.

ஆண்டியப்பன் பொழுது சாயும் நேரத்தில் வந்தான். காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது பால் அப்பியிருந்த அவன் செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. அடிப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்தான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் கையைத் தொடப் போனவன் அவளைப் பார்த்தான். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

பத்து நாளில் அதிகாரி வந்து இறங்கினார். மரம் அதற்குள் உச்சியிலிருந்து காய்ந்து இறங்கத் தொடங்கியிருந்தது. ஒட்டுக்கு எடுக்கிற மாதிரி உயிருள்ள கொம்பு ஒன்றுகூட இல்லை. உரிந்த தண்டைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருய்யா இந்தப் பாவத்தைப் பண்ணினது?"

உண்ணாமலை முன்னால் வந்தாள். அதற்குள் ஆண்டியப்பன் சொல்லிவிட்டான்.

"நான்தாங்க. நான் எழுதின அளவெல்லாம் பொய்யிங்க. ஒங்ககிட்ட மாட்டிக்குவோம்னு பயந்து நானே உரிச்சிட்டேன்."

அதிகாரி அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். தூசி அடங்கும்வரை இருவரும் நின்றார்கள்.

"நானே செஞ்சிருக்கணும். ஒவ்வொரு நாளும் அருவாளோடதான் போனேன். அளந்து முடிச்சதும் கை வரல, புள்ள" என்றான்.

அதன்பிறகு ஒரு வருஷம் அவள் பிள்ளையை அவனோடு தனியாக விடவில்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லை. நோட்டை அவள் அடுப்பில் போட்டபோது பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டுப்போன மரத்தைச் செங்கல் சூளைக்காரர்கள் வெட்டி எடுத்துப்போனார்கள். அடுத்த ஆடியில் அந்த இடத்தில் கடலை போட்டார்கள். யாரும் கண்டிராத விளைச்சல். ஒரு செடியைப் பிடுங்கினால் இரண்டு கை கொள்ளாத காய். மூக்காயி வந்து பார்த்து வாயைப் பிளந்தாள்.

"விதைக்கு ஒரு மரக்கா குடு அக்கா. இப்படிக் காச்சதை விடலாமா?"

"ஒனக்கு விதை வேணும்னா ஆலங்குடிச் சந்தையில வாங்கித் தாரேன். இது வேணாம்."

உண்ணாமலை அந்தக் கடலை முழுவதையும் செக்குக்கு அனுப்பினாள். ஒரு பருப்பைக்கூட வீட்டில் வைக்கவில்லை. வருஷா வருஷம் சந்தையில் விதை வாங்கித்தான் அந்தக் காட்டில் விதைத்தார்கள். விதைக் கடலையைக் கையில் அள்ளி நல்லது, சொத்தை என்று பொறுக்க ஆண்டியப்பன் உட்கார்ந்தால், அவள் முறத்தை வாங்கி எல்லாவற்றையும் ஒன்றாகவே கலந்து கொடுத்துவிடுவாள். அவனும் அப்படியே விதைத்துவிட்டு வருவான்.