எஸ்தர் வாய் திறக்காத தேர்தல்

கசார்வாடியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய குறுகலான சந்துதான் அந்தக் கல்லி. அங்கே தேர்தல் வந்தால் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. எஸ்தர் வந்து சொல்வாள் என்று இருந்துவிடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வாக்குச்சாவடிக்குக் கட்சியின் ஆள் அவள்தான். ஓட்டுப் போட ஒரு வாரம் இருக்கும்போது கட்சி ஆபீஸிலிருந்து அட்டையில் செய்த மாதிரி ஓட்டு மெஷின் ஒன்று வரும். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பங்கள்தான் அங்கே பாதி. மராத்தி எழுத்து தெரியாத பெண்களின் விரலைப் பிடித்து, சின்னத்துக்கு நேரே உள்ள பொத்தானில் வைத்து அழுத்திக் காட்டுவாள். அவர்களும் அரிசி களைந்த கையைப் புடவையில் துடைத்துவிட்டு விரலை நீட்டுவார்கள்.

இந்தத் தடவையும் அட்டை மெஷின் வந்தது. கட்டிலுக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது.

காரணம் நிகாள்ஜே. இரண்டு தடவை எம்.எல்.ஏ. ஆனவர். தொழிலாளிகளின் கட்சி என்று சொல்லிக்கொள்கிற கட்சியில், தொழிலாளிகளின் தலைவர் என்று சொல்லிக்கொண்டவர். ஆலைகள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிக்கொள்ளலாம் என்ற சட்டம் சட்டசபைக்கு வந்தபோது, எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லிக் கட்சி அத்தனை பேருக்கும் உத்தரவு போட்டது. அன்றைக்குப் பார்த்து நிகாள்ஜேக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. சட்டசபைப் பக்கமே போகவில்லை. ரத்த அழுத்தம் ஏறிய மனிதர் அதே சாயங்காலம் லோணாவளாவில் ஒரு கல்யாணப் பந்தியில் பாசுந்தி சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் உண்டு. இன்னும் சிலருக்கும் அதே மாதிரி உடம்பு சரியில்லாமல் போக, சட்டம் நிறைவேறியது.

எஸ்தரின் புருஷன் டேனியலுக்கு போசரியில் இரும்புத் தகடு அழுத்தி வெட்டுகிற ஒரு பிரெஸ் ஷாப்பில் வேலை. சட்டம் வந்த பிறகு அவனுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போவான். போன மாசம் பக்கத்து மெஷினில் நின்ற ஆள் தூக்கக் கலக்கத்தில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டான். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, டேனியல் வேலை முடிந்து வந்ததும் எஸ்தரின் கண் முதலில் அவன் கைகளுக்குத்தான் போகும்.

இத்தனைக்குப் பிறகும் கட்சி நிகாள்ஜேக்கே சீட்டுக் கொடுத்தது. போன வருஷம் கட்சி இரண்டாக உடைந்து, பழைய குடைச் சின்னம் பிரிந்து போனவர்களுக்குப் போய்விட்டது. இவர்களுக்குக் கிடைத்தது தையல் மெஷின். புதுச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேறு ஆள் இல்லை என்றார்கள். குடையில் நிற்பவன் ஜெயந்த், ஒரு பில்டரின் மருமகன். தண்டவாளத்துக் கல்லியை எடுத்துவிட்டு அகலமாக ரோடு போடுவேன் என்று மைக் வைத்துச் சொல்கிறவன். இரண்டு பக்கத்து பேனர்களிலும் கட்சியை ஆரம்பித்த பெரியவரின் படம்தான் சிரித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் போகிறவனுக்கு எது யார் என்று புரியாது.

அட்டை மெஷினைக் கொடுத்தனுப்பிய நாளில் கட்சி ஆபீஸில் பிரணவ் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். வட்டச் செயலாளர். அவன் இந்தியில் மெதுவாகச் சொன்னது இதுதான்: நிகாள்ஜேயை எதிர்த்து ஒரு வார்த்தை பேச வேண்டாம். சும்மா இருந்தால் போதும். மேலிடத்திலும் அவரைப் பார்த்துக் காறித் துப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தோற்றால் தோற்கட்டும்.

இருபது வருஷமாக ஓடு ஓடு என்ற கட்சி முதல் தடவையாக உட்காரு என்றது. எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. கட்சி சொல்லாவிட்டாலும் அவள் உட்கார்ந்துதான் இருப்பாள். ஆனால் நிகாள்ஜே தோற்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. இரண்டு தடவை ரயில்வேக்காரர்கள் புல்டோசரோடு வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்ற மனிதர் அவர். அதை மறக்க அவளால் முடியாது. எப்படியும் ஜெயிப்பார், நூலிழையில் ஜெயிக்கட்டும், ஒரு ராத்திரி தூக்கமில்லாமல் கிடக்கட்டும், இதுதான் அவள் போட்ட கணக்கு.

டேனியலுக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

"புல்டோசருக்கு முன்னால நின்னாம்லா, இல்லங்கல," என்றான் சாப்பிட்டுக்கொண்டே. "சட்டம் வந்தன்னைக்கு எங்க நின்னான்? பந்தியிலல்லா உக்காந்திருந்தான். என் ஓட்டு அவனுக்குக் கெடையாது."

"நானும் போடுங்கன்னு சொல்லலியே."

"போடாதீங்கன்னும் சொல்ல மாட்டுக்க."

"ரெண்டும் சொல்ல மாட்டேன். அவங்கவுங்க மனசுக்குத் தோணுறத செய்யட்டும்."

கல்லியில் யாராவது கேட்டபோதும் இதையேதான் சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். கையைக் கழுவியாகிவிட்டது என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஓட்டு நாளில் காலையில் குழாயடியில் அவள் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, வாக்குச்சாவடியான முனிசிபல் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தோணியம்மாளும் அதே கல்லிப் பாத்திமாவும் திரும்பி வந்தார்கள். அந்தோணியம்மாள் பக்கத்து வீடு. எஸ்தர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மைனி என்று கூப்பிட்டுப் பழகிய வீடு. மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

"முத ஆளாப் போட்டாச்சுளா. இந்தத் தடவ நீ மெஷினத் தூக்கிட்டு வரல, ஒனக்கு மேலுக்குச் சொகமில்லியோன்னு நெனச்சோம். அதனால என்ன, நாங்க பச்சப் பிள்ளையளா? எப்பவும் போடுத குடையிலயே ரெண்டு பேரும் அமுக்கிட்டு வந்துட்டோம்."

எஸ்தர் குடத்தைக் கீழே வைத்தாள்.

"மைனி, குடை இப்ப நம்மது இல்ல."

"என்னளா சொல்லுத?"

"கச்சி ஒடஞ்சிட்டுல்லா. குடை ஜெயந்துக்குப் போயிட்டு. நமக்குத் தையல் மெஷின்."

அந்தோணியம்மாளின் விரல் மெல்லக் கீழே இறங்கியது. "ஜெயந்துன்னா, நம்ம வீட்ட இடிக்கப் போறேன்னு சொன்னவனா?"

"ஆமா."

"நீ சொல்லலியேளா."

"மனசுக்குத் தோணுறதப் போடுங்கன்னு சொன்னேன்லா மைனி."

"நீ ஒண்ணும் சொல்லாட்டி ஒண்ணும் மாறலன்னுதான அர்த்தம்," என்றாள் அந்தோணியம்மாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். எஸ்தருக்கு அதுதான் பொறுக்கவில்லை. பாத்திமா தன் விரலைப் புடவை முந்தானையால் தேய்த்துப் பார்த்தாள். மை போகவில்லை.

கல்லியில் இன்னும் எத்தனை பேர் இப்படிப் போயிருப்பார்கள், எத்தனை பேர் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்? குடை குடை என்று இருபது வருஷம் இந்த மனிதர்களின் விரல்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அந்த விரல்களுக்கு அவளுடைய கோபம் எப்படித் தெரியும்? கோபத்தில் வாயை மூடிக்கொண்டவள், அவர்கள் கதி என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தாளா? தன்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு ஓடினாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அட்டை மெஷினை இழுத்து, சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிரசார நேரம் முடிந்துவிட்டது, இப்போது இதைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் போலீஸ் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு முதல் வாசலில் ஏறினாள்.

"தையல் மெஷின். குடை இல்ல. தையல் மெஷின்." ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு. சிலர் ஏற்கெனவே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வாசலுக்குப் போனாள். பவுன் வீட்டில் மட்டும் விரல் நீளவில்லை. பவுனின் புருஷனும் டேனியலின் பிரெஸ் ஷாப்பில்தான் வேலை செய்கிறான். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் பவுன்.

"அப்ப அந்த ஆள மன்னிச்சாச்சா, எஸ்தரக்கா?"

"மன்னிக்கல. போடச் சொல்லுதேன்."

"ஜெயிச்சா மறுபடியும் அதையேதான் பண்ணுவான்."

"பண்ணுவான்."

"பெறகு?"

"பெறகு அவன்கூட சண்ட போட நமக்கு ஒரு வாசல் வேணும்லா பவுனு."

பவுன் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். எஸ்தர் அவளுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த மனிதனுக்காக ஒரு பெண்ணிடம் நன்றி சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு டேனியல் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தான். ஓட்டு நாள் லீவு என்பதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான். இவனுடைய முதலாளி, ஓட்டுப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தான். கல்லி முனையில் அழுதுகொண்டிருந்த அந்தோணியம்மாளிடம் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். எஸ்தர் அவன் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"வீடு வீடாப் போயி அவனுக்குக் கேட்டியாமே," என்றான்.

"கேட்டேன். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? குடைக்குப் போட்டுட்டு வாராங்க. வீடு போயிரும்."

"நேத்து வரைக்கும் என் கையப் பிடிச்சிட்டு அழுதவ நீ."

"இன்னைக்கும் அழுகைதான் வருது. நான் அவன மன்னிக்கலங்க."

டேனியல் கட்டிலில் உட்கார்ந்தான். ஒரு காலணியைக் கழற்றிவிட்டு, அடுத்ததற்குக் குனிந்தபடியே சொன்னான்.

"நீ மன்னிக்கலன்னு அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும் எஸ்தரு? சந்தோசமாப் போட்ட ஓட்டும், பல்லக் கடிச்சிட்டுப் போட்ட ஓட்டும் அதுக்குள்ள ஒண்ணுதான. நாளைக்கு மாலையப் போட்டுக்கிட்டு வருவான். தண்டவாளத்துக் கல்லி என் பக்கம், நான் செஞ்சதுல தப்பில்லம்பான். நீ போயி இல்ல சாகேப்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்," என்றாள். தன் குரல் தனக்கே நம்பும்படியாக இல்லை.

"மேளச் சத்தத்துல அவனுக்குக் கேக்கவா போவுது," என்றான். கழற்றிய காலணியை மறுபடி மாட்டினான். "எந்திரி. சாத்திரதுக்குள்ள போயிட்டு வந்துருவோம்."

பள்ளிக்கூட வாசலில் இருவரும் வரிசை பிரிந்தார்கள். பெண்கள் வரிசை வேகமாக நகர்ந்தது. எஸ்தர் உள்ளே போய்த் தையல் மெஷினுக்கு எதிரே விரலை வைத்தாள். அவளுக்கு யாரும் கையைப் பிடித்துக் காட்டவில்லை. லோணாவளாப் பந்தி, டேனியலின் தட்டு, புல்டோசர் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அழுத்தினாள். சத்தம் கேட்டது.

வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். ஆண்கள் வரிசையில் டேனியல் சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவன் தோளைத் தட்டி நகர்த்தினான். முறை வந்ததும் திடுக்கிட்டு விழித்து உள்ளே போனான். திரும்பி வரும்போது முகத்தில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் வெளியே வந்ததும், "ஒஞ்சொல்படி அமுக்கியாச்சு தலைவியே" என்று கிண்டலடிப்பான். இன்றைக்கு, "வா, பசிக்குது," என்றான். அவ்வளவுதான்.

சாப்பிட்டான், தூங்கினான், சாயங்காலம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடி ஷிப்டுக்குக் கிளம்பினான். எஸ்தர் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தாள். எந்தச் சின்னத்துக்குப் போட்டீங்க என்று கேட்க வந்தவள் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கேட்க வேண்டியே வந்ததில்லை. அவன் தன் பிடிவாதப்படி செய்திருந்தால் பரவாயில்லை, ஒரு ஓட்டு போனால் போகட்டும். அத்தனை கசப்பையும் விழுங்கிக்கொண்டு, பெண்டாட்டி சொன்னாளே என்று அவனும் தையல் மெஷினில் அழுத்திவிட்டு வந்திருப்பானோ என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"பாத்து வேல செய்யுங்க," என்றாள்.

"வாரேன்," என்று டப்பாவை வாங்கிக்கொண்டு போசரி பஸ்ஸுக்கு நடந்தான்.