எட்டு வில்லைகள்

இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கக் கிளம்பிய ஆண்கள் தெருமுனையில் திரும்பியதும் பெண்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். பிருந்தா அப்பாவின் கால்மாட்டுக்குப் போனாள். தலைமாட்டில் இருந்த அம்மா விஜயம், பேரையூரிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய அத்தையிடம் காலையிலிருந்து எல்லோருக்கும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியே வரலன்னா அவ என்ன செய்வா மதினி? அணுக்கழிவக் கல்லுக்குள்ள வச்சுப் பூட்டுற வேல. உலையப் போட்டுட்டா நடுவுல நிறுத்தக் கூடாதாம். நிறுத்துனா அம்புட்டும் வீணாம்."

"நாட்டுக்குச் செய்யுற வேலயில்லயா" என்று அத்தை பிருந்தாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீணாகும் என்பது உண்மைதான். கழிவின் நஞ்சு பீங்கானின் படிகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் தண்ணீரில் கிடந்தாலும் லேசில் கசியாது. அதுதான் அவள் ஆராய்ச்சி. உண்மையான கழிவு அவளுடைய கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கிடையாது. கதிர்வீச்சு இல்லாத மாற்று உப்புகளைக் கலந்து, மாத்திரை அளவு வில்லைகளாக அழுத்தி, ஆயிரத்து இருநூற்றைம்பது டிகிரியில் சுட்டெடுப்பாள். பாதியில் கரண்டு போனால் வில்லை விரிசல் விடும்.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆய்வுக்கூடத்துக்கு அண்ணன் பால்பாண்டி போன் செய்தான். "அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. ஒன்னயத்தான் கேக்குறாரு. வந்துட்டுப் போ."

அந்த மாதத்தில் அது மூன்றாவது போன். முந்தைய இரண்டு தடவையும் அடித்துப் பிடித்துத் திருநகர் வீட்டுக்கு ஓடிவந்தாள். இரண்டு தடவையும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எதுக்குத்தா வேலயப் போட்டுட்டு வந்த?" என்று கேட்டார். அடுத்த வாரம் கருத்தரங்கு வேறு இருந்தது. அவளுக்குச் சலித்துப்போயிற்று.

"உலையப் போட்டுட்டேண்ணே. நிறுத்த முடியாது. காலையில வாரேன்."

போனை வைத்தபோது உலை சில்லென்று கிடந்தது. வில்லைகள் மேசைமேல் இருந்தன. சொன்னது பொய்யாக வேண்டாம் என்று அவசர அவசரமாக அவற்றை உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தி, அதன்பிறகுதான் ஸ்விட்சைப் போட்டாள்.

அப்பா காலை எட்டு மணி வரை உயிரோடு இருந்தார். எட்டரைக்கு அவள் உலையைத் திறந்தாள். எட்டு வில்லைகளில் ஒன்றில்கூடக் கீறல் இல்லை. தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

அம்மாவிடமாவது சொல்லிவிட வேண்டும். ஆண்கள் தண்ணீரோடு வந்துவிட்டால் குளிப்பாட்டித் தூக்கிவிடுவார்கள். "அம்மா" என்று வாயெடுத்தாள். வாசலில் சின்னான் மாலையோடு வந்து நின்றார். அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு, அவர் லைன்மேனாக இருந்த காலத்தில் கூடவே ஏணி சுமந்தவர். இப்போது சப்-ஸ்டேஷனில் இருக்கிறார். அவர் நேராகப் பிருந்தாவிடம் வந்தார்.

"நேத்து எட்டு மணிக்கு அண்ணே போன் பண்ணாரும்மா. பேச முடியல, அம்புட்டு மூச்சு எரைப்பு. ஒங்க காலேஜ் பக்கம் லைன் வேல இருக்கான்னு கேட்டாரு. ஒம்பது மணிக்குக் கரண்ட நிறுத்துறதா இருந்துச்சு. பிள்ள உல போட்ருக்கு, நிறுத்திறாதடான்னாரு. இஞ்சினியர் கையில கால்ல விழுந்து இன்னைக்குத் தள்ளி வச்சேன்."

விஜயம் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். அவளுக்கும் இது தெரியாது.

ஒன்பது மணிக்குக் கரண்டு போயிருந்தால் வில்லைகள் போயிருக்கும். அவள் பஸ் பிடித்துப் பத்தரைக்கெல்லாம் இந்த வீட்டுக்கு வந்திருப்பாள்.

"ராத்திரி கரண்டு போகலயேம்மா?"

பிருந்தா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"போகல சித்தப்பா" என்றாள். "விடியிற வரைக்கும் இருந்துச்சு."

சின்னானுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மாலையைப் போட்டுவிட்டு அப்பாவின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, கரண்டு போகலயாம்" என்றார்.